விழுங்கினால் மட்டும் போதாது

(பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நுண்ணுயிரியல் வகுப்பறையிலேயே பேசிப் பழகியவன் நான். மேடைக்குரிய அடுக்குமொழி எனக்கு வராது. ஆகவே முன்னுரை எதுவும் இல்லாமல் இந்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

1879-இல் பினாங்கில் பிறந்தவர் வூ லியன் தே. தந்தையார் சீனாவின் தைஷானிலிருந்து வந்த பொற்கொல்லர். மகன் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்து, 1896-இல் குவீன்ஸ் ஸ்காலர்ஷிப் பெற்று, கேம்பிரிட்ஜ் இமானுவேல் கல்லூரிக்குப் போனார். லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் பயிற்சி முடித்ததும் கப்பலேறியிருக்கலாம், ஏறவில்லை. லிவர்பூலில் ரொனால்ட் ராஸ், ஜெர்மனியின் ஹாலே நகரில் கார்ல் ஃபிரெங்கெல், பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் இல்யா மெச்னிக்காவ் என மூன்று ஆசான்களிடம் ஆய்வு பழகிவிட்டு, 1903-இல்தான் மலாயா திரும்பினார். ராஸை நமக்குத் தெரியும். மலேரியாவைக் கொசுவின் வயிற்றில் தேடிப் பிடித்தவர். மெச்னிக்காவை அவ்வளவாகத் தெரியாது. நம் உடம்பில் சில உயிரணுக்கள் கிருமியைப் பிடித்துத் தின்கின்றன, நாம் பிழைத்துக் கிடப்பதே அதனால்தான் என்று உலகத்துக்கு அடித்துச் சொன்னவர் அவர். அந்தத் தின்னும் அணுக்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். விழுங்கணுக்கள் என்று அவற்றை அழைப்போம்.

மெச்னிக்காவின் மெசினா கதை பல பாடப்புத்தகங்களில் வந்துவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1882 டிசம்பர். சிசிலித் தீவில் குடும்பத்தோடு தங்கியிருந்தார். வீட்டார் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட, இவர் மட்டும் நுண்ணோக்கியோடு இருந்தார். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நட்சத்திரமீன் குஞ்சுகளின் தோலுக்கடியில் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலை பார்த்தால், அலையும் உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. 

எனக்கென்னவோ இதைவிட 1884-இல் அவர் வெளியிட்ட நீர்த்தெள்ளு ஆய்வுதான் பெரிதாகப் படுகிறது. நீர்த்தெள்ளு குளத்து நீரில் துள்ளும் சின்னஞ்சிறு உயிரி. அதுவும் ஊடுருவித் தெரியக்கூடியது. ஊசிபோல் கூர்மையான ஒரு பூஞ்சையின் வித்துகள் அதன் குடலைத் துளைத்துக்கொண்டு உடலுக்குள் வரும். வந்தவற்றை இரத்த அணுக்கள் சூழ்ந்து கரைத்துவிட்டால் நீர்த்தெள்ளு பிழைத்துக்கொள்ளும். ஒரு வித்து தப்பி முளைத்துவிட்டாலோ கதை முடிந்தது. மெச்னிக்காவ் வெற்றியை மட்டும் பார்க்கவில்லை. தோல்வியையும் அதே கண்ணாடி வழியே பார்த்தார். பின்னாளில் இவரைப் புகழ்ந்தவர்கள் அந்தத் தோல்விப் பாதியை மறந்துவிட்டார்கள் என்பது என் குறை. இன்று நான் அதிகம் பேசப்போவது அந்தப் பாதியைத்தான்.

ஜெர்மானியர் இவரை எளிதில் விடவில்லை. கிருமியைக் கொல்வது இரத்தத்தின் நீர்ப்பகுதியில் உள்ள பொருள்கள். அணுக்கள் செத்த கிருமியைக் கூட்டிப் பெருக்குகின்றன, அவ்வளவுதான் என்றது அவர்கள் கட்சி. சண்டை இருபது ஆண்டுக்கு மேல் நடந்தது. வூ படித்த அதே செயின்ட் மேரிஸ் மருத்துவமனைக்கு 1902-இல் வந்து சேர்ந்த ஆல்ம்ராத் ரைட்தான் இரு தரப்பையும் ஓரளவு சேர்த்துவைத்தார். சீரத்தில் உள்ள சில பொருள்கள் கிருமியின் மேல் படிந்தால், விழுங்கணு அதை ஆவலோடு எடுத்துக்கொள்கிறது என்று அவரும் ஸ்டூவர்ட் டக்ளஸும் 1903-இல் காட்டினார்கள். (ரைட்டை மனத்தில் வைத்து பெர்னாட் ஷா ஒரு நாடகமே எழுதிக் கிண்டலடித்தார், அது வேறு கதை.) 1908-இல் நோபல் குழு, அணுக் கட்சியின் மெச்னிக்காவுக்கும் நீர்க் கட்சியின் பால் எர்லிக்குக்கும் பரிசைப் பகிர்ந்து கொடுத்தது. இரண்டு பேர் சொன்னதும் உண்மை என்பதால், இம்முறை சமரசம் நியாயமாகவும் அமைந்துவிட்டது.

இனி விழுங்குவது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். விழுங்கணுக்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று நியூட்ரோபில். நம் இரத்தத்து வெள்ளை அணுக்களில் பாதிக்கு மேல் இதுதான். எலும்பு மச்சை நாள்தோறும் ஏறத்தாழ 100 பில்லியன் நியூட்ரோபில்களை உருவாக்கி அனுப்புகிறது. பெரும்பாலானவை ஓரிரு நாளில் செத்துப்போகும். மற்றொன்று மேக்ரோஃபேஜ். நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், மூளை என்று உறுப்புதோறும் குடியிருக்கும்; மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் வாழும்.

காலில் முள் குத்திக் கிருமி உள்ளே போகிறது. பாக்டீரியா புரதம் தயாரிக்கும்போது அதன் முதல் எழுத்தில் ஒரு தனி முத்திரை இருக்கும். நம் உயிரணுத் திரவத்தில் தயாராகும் புரதங்களில் அது இராது. அந்த முத்திரைத் துணுக்குகள் கசிந்து பரவ, நியூட்ரோபில் அதை மோப்பம் பிடித்து, இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டி, சுவரின் இடுக்கில் நுழைந்து வெளியேறி, கிருமி இருக்கும் திசை நோக்கி நகர்கிறது. இதற்குள் எதிர்ப்பொருள்களும், காம்ப்ளிமென்ட் எனப்படும் சீரப் புரதங்களும் கிருமியின் மேல் படிந்திருக்கும். நியூட்ரோபிலின் மேல்சவ்வில் அவற்றுக்கான பற்றிகள் உண்டு. பற்றி ஒன்று மாட்டியதும் சவ்வுக்கடியில் ஆக்டின் என்னும் புரத இழைகள் அவ்விடத்திலேயே வேகமாக வளர்ந்து சவ்வை முன்னே தள்ளுகின்றன. சவ்வு கிருமியின் இருபுறமும் படர்ந்து, மறுபக்கம் போய்ச் சேர்ந்து மூடிக்கொள்கிறது. சில நிமிட வேலை.

நம்மூர் மாமாக் கடையில் முட்டை ரொட்டி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மாவை வீசி விரித்து, நடுவில் முட்டையை ஊற்றி, நான்கு புறமும் மடிப்பார்கள். முட்டை ரொட்டிக்குள் இருக்கிறது. ஆனால் மாவோடு கலந்துவிடவில்லை, மாவுறைக்குள் இருக்கிறது. விழுங்கப்பட்ட கிருமியும் அப்படித்தான். அது உயிரணுவின் உள்திரவத்துக்குள் வந்துவிடவில்லை. அணுவின் சொந்தச் சவ்விலிருந்தே கிள்ளி எடுத்த ஒரு பைக்குள் அடைபட்டிருக்கிறது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் நன்றாக இருத்திக்கொள்ள வேண்டும். நான் பின்னால் சொல்லப்போகிற நோய்களில் பெரும்பாலானவை இந்தப் பையில்தான் தீர்மானமாகின்றன.

பை மூடியதும் கொலை வேலை தொடங்கும். மேக்ரோஃபேஜில் லைசோசோம் என்னும் நொதிப் பைகள் வந்து இதோடு இணைகின்றன. உள்ளே அமிலத்தன்மை ஏறுகிறது. நியூட்ரோபிலில் இன்னும் உக்கிரம். பையின் சவ்வில் உள்ள ஆக்சிடேஸ் என்னும் நொதித்தொகுதி ஆக்சிஜனைச் சூப்பர் ஆக்சைடாக மாற்றும். அது ஹைட்ரஜன் பெராக்சைடாகும். மையலோபெராக்சிடேஸ் என்னும் நொதி அதை உப்பின் குளோரைடோடு சேர்த்து ஹைப்போகுளோரஸ் அமிலமாக்கும். குளியலறை கழுவ நாம் ஊற்றும் குளோராக்ஸில் வேலை செய்யும் சரக்கின் உடன்பிறப்பு அது. நம் உடம்பே அதைத் தயாரித்து, நுண்ணிய பையொன்றுக்குள் ஊற்றுகிறது. சீழ் பச்சையாகத் தெரிவதற்கும் மையலோபெராக்சிடேஸின் நிறமே காரணம்.

அந்த ஆக்சிடேஸ் இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. 1950-களில் அமெரிக்க மருத்துவர்கள் அவர்களை விவரித்தார்கள். மீண்டும் மீண்டும் கட்டி, நிணநீர்ச் சுரப்பி வீக்கம், நுரையீரல் தொற்று. அவர்களின் நியூட்ரோபில்கள் கிருமியை ஒழுங்காகவே விழுங்கின, ஆனால் கொல்லவில்லை. விழுங்கப்பட்ட கிருமி பைக்குள் சுகமாக இருந்தது. நாள்பட்ட கிரானுலோமா நோய் என்று அதற்குப் பெயர். விழுங்குவதும் முடிப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதை அந்தக் குழந்தைகள்தான் மருத்துவத்துக்குக் கற்றுக்கொடுத்தார்கள். என் பேச்சின் சாரமும் இதுதான். வெள்ளை அணு எண்ணிக்கையை ஏற்ற வேண்டும், எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட வேண்டும் என்று பொடியும் மாத்திரையும் விற்பவர்கள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும், விழுங்குதல் சரியாக நடந்தும் மனிதர்கள் சாகிறார்கள். அதைப் பொடி விற்பவர் சொல்லமாட்டார்.

வூ லியன் தே-க்குத் திரும்புவோம். கோலாலம்பூரின் மருத்துவ ஆய்வு நிலையத்தில் ஓராண்டு இருந்துவிட்டு, பினாங்கில் தனியாக மருத்துவம் பார்த்தார். அபினுக்கு எதிராக இங்கே இயக்கம் நடத்தினார். அபின் வருமானத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது பிடிக்குமா? அவருடைய மருந்தறையில் அபின் கரைசல் இருந்ததென்று 1907-இல் வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள். நோயாளிகளுக்காக வாங்கி வைத்திருந்த மருந்து அது. அடுத்த ஆண்டே அவர் சீனாவுக்குப் போய்விட்டார். ஒருவகையில் பினாங்கே துரத்தியது என்றும் சொல்லலாம்.

1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகருக்கு அனுப்பப்பட்டார். பிளேக் எனப்படும் கொள்ளைநோய் பரவிக்கொண்டிருந்தது. எலியும் தெள்ளும்தான் பரப்புகின்றன என்று எல்லாரும் நம்பிய காலத்தில், இறந்த ஜப்பானியப் பெண் ஒருவரின் உடலை அறுத்துப் பார்த்து, இது நுரையீரல் வகை, இருமல் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்கு நேரே தாவுகிறது என்றார். பஞ்சும் மெல்லிய துணியும் மடித்துத் தைத்த முகக்கவசத்தை அணியச் சொன்னார். பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அதை ஏளனம் செய்து, கவசமில்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாளில் இறந்தார். உறைந்த மண்ணில் புதைக்க முடியாமல் கிடந்த 2,000-க்கும் மேற்பட்ட உடல்களை 1911 ஜனவரி 31-இல் எரித்தார்கள். மார்ச் தொடக்கத்தில் நோய் நின்றது. அதற்குள் அந்தப் பிரதேசத்தில் சுமார் 60,000 பேர் மாண்டிருந்தார்கள். நுரையீரல் வகை வந்து, மருத்துவமில்லாமல் பிழைத்தவர் அநேகமாக எவருமில்லை.

ஏன் எவரும் பிழைக்கவில்லை? விழுங்கணுவின் தலைமகனிடம் பாடம் கேட்டவருக்கு, விழுங்கணுவை முடக்கும் கிருமியே வாய்த்தது என்பதுதான் விடை. அது எப்படி முடக்குகிறது என்பது அவர் காலமான பிறகு, 1980-கள், 90-களில்தான் விளங்கியது. தெள்ளின் குளிர்ந்த வயிற்றில் வளரும் கொள்ளைநோய்க் கிருமிக்கு மேலுறை கிடையாது. தெள்ளு கடித்து உள்ளே வந்த முதல் சில மணி நேரத்தில் விழுங்கணுக்கள் அதைப் பிடித்துவிடும். நியூட்ரோபில் பெரும்பாலும் கொன்றும்விடும். ஆனால் மேக்ரோஃபேஜின் பைக்குள் சிக்கியவை சாவதில்லை. நம் உடற்சூடு 37 டிகிரி. அந்தச் சூட்டில் கிருமி தன்மேல் வழுக்கும் புரத உறை ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். ஊசி போன்ற ஓர் உறுப்பையும் முளைப்பித்துக்கொள்ளும். அடுத்த விழுங்கணு நெருங்கினால், அந்த ஊசி வழியே சில புரதங்களை அதற்குள் செலுத்தும். அவற்றில் ஒன்று, பற்றிகளிலிருந்து ஆக்டினுக்குப் போகும் கட்டளையை அறுத்துவிடும். இன்னொன்று ஆக்டின் இழைகளையே கலைக்கும். சவ்வு படர முடியாமல் நிற்கும்.

தெள்ளு வழியே வரும் கிருமிக்கு ஆயுதம் எடுக்க நேரம் வேண்டும். அந்த இடைவெளியில் உடம்பு ஓரளவு போராடுகிறது. நெறிகட்டிக் காய்ச்சலோடு சிலர் தப்பிக்கவும் செய்தார்கள். ஒருவர் நுரையீரலிலிருந்து இன்னொருவர் நுரையீரலுக்குத் தாவும் கிருமி, 37 டிகிரியிலேயே வளர்ந்து முழு ஆயுதத்தோடு வருகிறது. ஹார்பினில் நடந்தது அது. வூ அணியச் சொன்ன துணிக் கவசம், விழுங்கணுவால் முடியாத வேலையை மூக்குக்கு வெளியே செய்தது. 1960-இல் பினாங்கில் அவர் காலமானார்.

பினாங்குப் பாலத்தில் போகும்போது கண்ணில் படும் ஜெரெஜாக் தீவை எல்லாருக்கும் தெரியும். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த நம்மவர்களை ஊருக்குள் விடுமுன் தங்கவைத்த இடங்களில் அதுவும் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே தொழுநோயாளர் குடியிருப்பும் வந்தது. பின்னாளில் காசநோயாளிகளையும் வைத்தார்கள். ஒரே தீவில் வைத்த இந்த இரண்டு நோய்களும் ஒரே உயிரணுவின் தோல்வி. இரண்டின் கிருமிகளும் மேக்ரோஃபேஜ் தங்களை விழுங்குவதைத் தடுப்பதில்லை. விழுங்கட்டும் என்றே இருக்கின்றன. காசநோய்க் கிருமி, தான் அடைபட்ட பையோடு லைசோசோம் இணையாதபடி தடுத்துவிடுகிறது. 1971-இல் லண்டனில் ஆர்ம்ஸ்ட்ராங்கும் டார்சி ஹார்ட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இதைக் கண்டார்கள்.

தொழுநோய் இன்னும் விசித்திரம். ஒரே கிருமி, இரண்டு விதமான நோய். ஒருவர் உடம்பில் டி-அணுக்கள் என்னும் வெள்ளை அணுக்கள் காமா இன்டர்ஃபெரான் என்னும் பொருளைச் சுரந்து மேக்ரோஃபேஜைத் தட்டி எழுப்பும். அது விழுங்கிய கிருமியை அழிக்கும். தோலில் உணர்ச்சியற்ற ஓரிரு தேமலோடு நோய் நிற்கும். இன்னொருவரிடம் அந்தச் சுரப்பு வராது. மேக்ரோஃபேஜ்கள் கிருமிக் கூட்டத்தை வயிறு நிறையச் சுமந்துகொண்டு, கொழுப்பு ஊறி நுரைத்துப்போய்த் தோலெங்கும் குவியும். முகம் தடித்து உருமாறுவது அதனால்தான். பூர்வஜென்மப் பாவம் என்று ஊர் ஒதுக்கிவைத்தது, உள்ளே ஒரு கட்டளை வந்து சேராத குறை. 1980-களிலிருந்து கூட்டுமருந்து இதைக் குணப்படுத்துகிறது.

இதுவரை பகையை விழுங்கும் கதை. உண்மையில் விழுங்கணுக்களின் அன்றாட உணவில் கிருமி மிகச் சொற்பம். அவை பெரும்பாலும் தின்பது நம்மையேதான். நம் உடம்பில் நாளொன்றுக்கு 300 பில்லியனுக்கும் மேற்பட்ட உயிரணுக்கள் செத்துப் புதியவை வருகின்றன. சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். வினாடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள மேக்ரோஃபேஜ்கள் விழுங்குகின்றன. அப்படி மீட்டுத் தரும் இரும்பு நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம்; நாம் சாப்பாட்டிலிருந்து உறிஞ்சுவதோ 1 அல்லது 2 மில்லிகிராம்தான். முருங்கைக்கீரையைக் குறைசொல்லவில்லை, பழைய இரும்பைத் திரும்பக் கொடுப்பவரையும் நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

இந்த இடத்தில் நம்மவர் ஒருவரைச் சொல்ல வேண்டும். சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவுக்குப் போன கோடி எஸ். ரவிச்சந்திரன். முதலில் வர்ஜீனியா பல்கலைக்கழகம், பின்னர் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம். சாகும் அணுவை விழுங்கணு எப்படிக் கண்டுபிடிக்கிறது, எப்படி அடையாளம் காண்கிறது என்பதே அவர் ஆராய்ச்சி. 2009-இல் அவர் குழு ஒன்றைக் காட்டியது: தானே முடிவெடுத்துச் சாகும் அணு, ஏ.டி.பி., யு.டி.பி. என்னும் நியூக்ளியோடைடுகளைச் சிறிதளவு வெளியே கசியவிடுகிறது. 'நான் இங்கே இருக்கிறேன்' என்னும் அழைப்பு அது. மறு ஆண்டே, அது எந்த வாசல் வழியாகக் கசிகிறது என்பதையும் கண்டார்கள். விழுங்கணு வந்து சேர்ந்ததும் இரண்டாவது அடையாளம்: வழக்கமாகச் சவ்வின் உட்புறம் பார்த்திருக்கும் பாஸ்ஃபடிடைல்செரின் என்னும் கொழுப்பு, சாகும் அணுவில் வெளிப்புறம் திரும்பியிருக்கும். அதைத் தொட்டுணரும் பற்றிகளில் ஒன்றை ரவிச்சந்திரன் குழு 2007-இல் அறிவித்தது. சவ்வைப் படரச்செய்யும் உள் இயந்திரத்தின் ஒரு பகுதியையும் அவர் குழு வேறு சில ஆய்வாளரோடு சேர்ந்து கண்டிருந்தது. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழு ஒன்றிலும் மனிதரிலும் அந்த இயந்திரம் ஏறக்குறைய ஒன்றே.

கிருமியை விழுங்கும்போது கூச்சல், வீக்கம், காய்ச்சல். தன் இனத்துச் சாவை விழுங்கும்போது மேக்ரோஃபேஜ் அழற்சியைத் தணிக்கும் பொருள்களைச் சுரக்கிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில், உருவாகும் டி-அணுக்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் அங்கேயே சாகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் பிணங்களைக் காண்பது அரிது. அவ்வளவு விரைவாக விழுங்கி முடித்துவிடுகின்றன. இது தவறினால் என்ன ஆகும்? அகற்றப்படாத அணு வெடித்து, உட்பொருள் சிதறி, உடம்பு தன்னையே பகையாக எண்ணத் தொடங்கும். லூபஸ் நோயில் இதற்கு ஒரு பங்கு உண்டு. இதயத் தமனிச் சுவரில் கொழுப்பை விழுங்கிய மேக்ரோஃபேஜ்கள் தாமே செத்து, அவற்றை எடுக்க வேறு மேக்ரோஃபேஜ்கள் இல்லாமல் தேங்கும். மாரடைப்புக்குக் காரணமான படிவின் நடுவே இருக்கும் கூழ் அதுதான்.

மெச்னிக்காவ் கடைசிக் காலத்தில் இந்த எண்ணத்தை எங்கெங்கோ கொண்டுபோனார். நரைக்குக் காரணம் விழுங்கணுக்கள் நிறத்தைத் தின்பது. முதுமை மறதிக்குக் காரணம் அவை மூளையைத் தின்பது. இதற்கு மருந்து தயிர் என்றார். நரை விஷயத்தில் அவர் சொன்னது நிற்கவில்லை. தயிர் விஷயத்தில் அவர் பெயரால் ஐரோப்பாவில் நல்ல வியாபாரம் நடந்தது. ஆனால் மூளையில் குடியிருக்கும் விழுங்கணுக்கள், வளரும் பருவத்தில் வேண்டாத நரம்பிணைப்புகளைத் தின்று கழிக்கின்றன என்று 2012-இல் எலிகளில் காட்டினார்கள். கிழவர் சொன்னதில் கால்பங்கு தேறிவிட்டது.

இனி நம் காலடி மண்ணில் வாழும் ஒரு கிருமிக்கு வருகிறேன். அதன் கதை ரங்கூனில் தொடங்குகிறது. 1911-இல் ரங்கூன் பொது மருத்துவமனையில் ஆல்ஃபிரட் விட்மோர் என்னும் நோய்க்கூறியலாளர், பிண அறையில் புது வகைச் சீழ்க்கட்டிகளைக் கண்டார். இறந்தவர்கள் பெரும்பாலும் மார்ஃபின் ஊசிக்கு அடிமையான ஏழைகள். அவருடன் வேலைசெய்தவர் சி. எஸ். கிருஷ்ணசாமி. 1912-இல் இந்தியன் மெடிக்கல் கெஜட் இதழில் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. நோய் மட்டும் விட்மோர் நோய் ஆகிவிட்டது. கிருஷ்ணசாமியை அந்தக் கட்டுரையைத் தேடிப் பார்ப்பவருக்கே தெரியும். அந்தக் காலத்து இந்திய உதவியாளர்கள் பலருக்கும் இதே கதிதான். இந்த மேடையிலாவது அவர் பெயரைச் சத்தமாகச் சொல்லிவைக்கிறேன்.

மார்ஃபினுக்கும் இந்த நோய்க்கும் ஊசி மட்டுமா உறவு? 1898-இலேயே மெச்னிக்காவின் மாணவர், ருமேனியரான கான்டகுசினோ, மார்ஃபினின் மூலமான அபினைக் கினிப்பன்றிக்குக் கொடுத்தால் அதன் விழுங்கணுக்கள் மந்தமாகி, காலரா கிருமியிடம் தோற்பதைக் காட்டியிருந்தார். அபினை எதிர்த்த பினாங்கு மருத்துவர் அதே ஆய்வகத்தில் படித்தவர்.

வூ ஓராண்டு பணியாற்றிய அதே கோலாலம்பூர் ஆய்வு நிலையத்தில், 1913-இல் கினிப்பன்றிகளும் முயல்களும் திடீரென்று மடிந்தன. ரங்கூன் கிருமிதான். ஸ்டான்டனும் ஃபிளெச்சரும் ஆராய்ந்து, 1921-இல் அதற்கு மெலியோய்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். இன்றும் அந்தப் பெயர்தான். கிருமி நம் மண்ணிலும் சேற்றிலும் இயல்பாக வாழ்கிறது. கெடாவின் நெல்வயல்களில் நன்கு அறியப்பட்ட நோய். செபராங் பிறையின் வயலும் அதே சமவெளியின் தொடர்ச்சிதான். கால் வெடிப்பு வழியே வரும். பெருமழையில் மூச்சோடும் வரும்.

விழுங்கணு இதையும் விழுங்குகிறது. ஆனால் முன்னே சொன்ன மாவுறையை இது கிழித்துக்கொண்டு அணுவின் உள்திரவத்துக்கே வந்துவிடும். சவ்வைப் படரச்செய்த அதே ஆக்டினைத் தனக்கு வாலாகக் கட்டிக்கொண்டு நீந்தி, பக்கத்து அணுவை முட்டி, இரண்டு அணுக்களின் சவ்வுகளையும் ஒன்றாக இணைத்துவிடும். பல கருக்கள் கொண்ட பேரணு ஒன்று உருவாகும். எதிர்ப்பொருள் எட்டாத இடத்தில், வெளியே தலைகாட்டாமலே கிருமி பரவும். ஆண்டுக்கணக்கில் பதுங்கியிருக்கவும் செய்யும்; இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாயிருந்த ஒருவருக்கு 62 ஆண்டு கழித்து நோய் வெளிப்பட்டதென்று 2005-இல் எழுதினார்கள்.

எல்லாரையும் இது கொல்வதில்லை. நல்ல உடம்பில் நியூட்ரோபில்கள் விரைந்து வந்து, பை கிழியுமுன் பெரும்பாலும் முடித்துவிடும். இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, உள்ளவர்களிடம் அந்த நியூட்ரோபில்கள் தாமதமாக வருகின்றன, விழுங்கும் திறனும் கொல்லும் திறனும் குன்றியிருக்கின்றன. மெலியோய்டோசிஸ் நோயாளிகளில் பாதிப்பேருக்கு, பல ஊர்களில் பாதிக்கும் மேற்பட்டவருக்கு, இனிப்பு நீர் இருக்கும். 2010-இல் பகாங் மாநிலத்து லுபுக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கிய ஒருவரைத் தேட 153 பேர் இறங்கினார்கள். 23 பேர் நோயுற்றார்கள்; 10 பேருக்கு இந்தக் கிருமி உறுதியானது, அவர்களில் சிலருக்கு எலிக்காய்ச்சலும் சேர்ந்திருந்தது. மொத்தம் 8 பேர் இறந்தார்கள். தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் 2019-இல் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், 2023-இல் 15.6 விழுக்காடு. இன வாரியாகப் பார்த்தால் இந்தியரிடையே அது மிகுதி. இந்த அரங்கில் எத்தனை பேர் காலையில் மாத்திரை போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

ஆனால் ஒரு வேண்டுகோள் உண்டு. இனிப்பு நீர் இருந்து, வயலிலோ தோட்டத்திலோ வெள்ளநீரிலோ இறங்க வேண்டியிருந்தால், சிலிப்பரோடு இறங்காதீர்கள். ரப்பர் பூட்ஸ் போடுங்கள், காலில் புண் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள். காய்ச்சல் நாலைந்து நாளைத் தாண்டினால், கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். போனதும், எனக்கு இனிப்பு நீர், நான் சேற்றில் வேலைசெய்தேன் என்ற இரண்டையும் நீங்களே சொல்லுங்கள். டாக்டர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். இரத்தத்தைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப அது போதும். பென்சிலினும் ஜென்டாமைசினும் இதற்குப் பெரும்பாலும் எடுபடாது. செஃப்டாசிடிமோ மெரோபெனமோ குறைந்தது இரண்டு வாரம் நரம்பில் ஏற வேண்டும். அதன்பின் கோட்ரைமாக்சசோல் மாத்திரை மூன்று மாதம். ஒரு மாதத்திலேயே உடம்பு தேறியதுபோல் இருக்கும். அப்போதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நிறுத்தியவர்களுக்குத்தான் இந்த நோய் பெரும்பாலும் திரும்ப வருகிறது.